ஏகுய் டு மிடி: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நண்பர்களே, செப்டம்பரில் பிரான்சின் ஷாமோனிக்குப் போகிறோம். அங்கிருந்து கேபிள் காரில் ஏகுய் டு மிடி என்ற மலைச் சிகரத்துக்கு ஏற ஆசை. ஊர் 1,035 மீட்டர் உயரம், உச்சி 3,842. நடுவே 2,317 மீட்டரில் வண்டி மாறினாலும் சுமார் இருபதே நிமிடத்தில் மேலே விட்டுவிடுகிறார்கள். கவலையே அதுதான். அம்மாவுக்கு 67 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். டாக்டர், "மெதுவாக ஏறுங்கள்" என்றார். கேபிள் காரிடம் அதை எப்படிச் சொல்வது! வண்டி மாறும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் பலன் இருக்குமா? மேலே படிகள் அதிகமா? மூச்சு வாங்கியதா? பக்கத்து மோண்ட் பிளாங்க் மலை தெளிவாகத் தெரிய எந்த நேரம் நல்லது? பெரியவர்களோடு போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அப்புறம், உச்சியில் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போவது நான் மட்டும்தான். அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாராம்.