காட்டெருமை மோதிய கார்: நிமிர்த்திப் போடலாமா, கம்பெனி பார்ட்ஸ்தானா?

தேயிலைக்காரி, கோத்தகிரி:

போன செவ்வாய் இரவு குன்னூரிலிருந்து வரும்போது ஒரே மூட்டம். முப்பதில்தான் வந்தேன். தோட்டத்து மேட்டிலிருந்து ஒரு காட்டெருமை திடீரென ரோட்டில் இறங்கிவிட்டது. அது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கீழ்த் தோட்டத்துக்குப் போய்விட்டது. என் கார்தான் அங்கேயே நின்றது. பம்பர், இடது ஹெட்லைட், ரேடியேட்டர் போச்சு, பானெட் மடங்கிவிட்டது. ஏர்பேக் விரியவில்லை.

2021 மாடல், நாலு வருஷம் முடிந்துவிட்டது. கோவை கம்பெனி ஒர்க் ஷாப்பில் போட்டோ பார்த்து 1,38,000 என்றார்கள். இங்கே தெரிந்த பட்டறையில் 55,000. "உள்ளே இருக்கிற இரும்பை கேஸ் வைத்து நிமிர்த்திடலாம், லைட்டும் பம்பரும் டூப்ளிகேட் போட்டா யாருக்கும் தெரியாது" என்கிறார். வீட்டுக்காரரும் அந்தக் கட்சி. இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஜீரோ டெப் இல்லை. என்ன செய்யட்டும்?

மலைச்சாரல், ஊட்டி:

கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். இதே மாடல் பானெட் கிடைத்தால் பாதி விலைதான். கலர் மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

குன்னூர் டிங்கர்:

அக்கா, 26 வருஷமாக டிங்கரிங் பார்க்கிறேன், என் பிழைப்பே தட்டி நிமிர்த்துவதுதான். அதனால் சொல்கிறேன், பம்பரைக் கழற்றாமல் சொன்ன எஸ்டிமேட்டை நம்பாதீர்கள். 55,000-மும் சரி, 1,38,000-மும் சரி.

நாம் பம்பர் என்று பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு பீம், அதன் இரண்டு முனையிலும் கிராஷ் பாக்ஸ் என்று சின்னப் பெட்டிகள். மோதினால் அந்தப் பெட்டி அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும், அதற்காகவே வைத்தது. அது அடியை வாங்கிக்கொண்டால் பின்னால் இருக்கும் சைடு மெம்பர், அதாவது முகப்பைத் தாங்கும் நீள இரும்புச் சட்டம், பிழைக்கும். ஒரு தடவை நொறுங்கியதைத் தட்டிப் பெயிண்ட் அடித்து மாட்டினால், அடுத்த தடவை எங்கே மடங்கும் என்று எனக்கும் தெரியாது, கம்பெனிக்காரனுக்கும் தெரியாது. ஏர்பேக்குக்குச் சேதி சொல்லும் சென்சாரும் பல கார்களில் முகப்பில்தான் இருக்கிறது. காரை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் பாரத் என்கேப்பில் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு ஸ்டார் கொடுக்கிறார்களே, அது கம்பெனி பூட்டிய இரும்புக்குக் கொடுத்தது. என் சுத்தியலுக்கு இல்லை.

கேஸ் விஷயம். நான் தொழில் படித்தது அம்பாசிடரிலும் ஜீப்பிலும். அந்தத் தகடு சூடு காட்டினால் சொன்னபடி கேட்கும். இப்போதைய கார்களில் முக்கியமான இடங்களில் இருப்பது உயர்பல எஃகு. சூடு காட்டினால் பார்க்க நேராகத்தான் வரும், உள்ளே பலம் போயிருக்கும். எங்கே வெட்டலாம், எத்தனை ஸ்பாட் வெல்டு வைக்க வேண்டும், எந்த பாகத்தை நிமிர்த்தவே கூடாது என்றெல்லாம் கம்பெனியின் பாடி ரிப்பேர் மேனுவலில் இருக்கிறது. பல பட்டறைகளில் அதைப் பார்த்ததே கிடையாது. நானும் ரொம்ப நாள் பார்க்காமல்தான் வேலை செய்தேன்.

ஒரு காருக்கு சைடு மெம்பரைச் சூடு பண்ணி நானே நிமிர்த்தினேன். மூன்றே மாதத்தில் ஒரு பக்க டயர் மட்டும் மொட்டையாகி வந்தார் ஓனர். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துப் பார்த்தேன், இரண்டுக்கும் 9 மில்லிமீட்டர் வித்தியாசம். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வண்டியில்தான் அவர் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

உக்கடம் யோசனை கதவுக் கண்ணாடிக்கு, உள் பிளாஸ்டிக்குக்குச் சரி. கிராஷ் பாக்ஸ், பீம், சென்சார், சீட் பெல்ட் இவற்றைப் பழையதில் வாங்கவே வேண்டாம். அது எந்த மோதலிலிருந்து வந்ததோ!

சர்வே பார்த்தவன்:

தங்கச்சி, கிளெய்ம் போடுவதாக இருந்தால், இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன்னால் ஒரு போல்ட்டையும் கழற்ற விடாதீர்கள். உங்கள் கார் நாலிலிருந்து ஐந்து வருஷக் கணக்கில் வரும். உலோக பாகத்துக்கு 35%, பிளாஸ்டிக், ரப்பருக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்டிலும் மெட்டீரியல் செலவில் மட்டும் பாதி போகும், கூலியில் கை வைக்க மாட்டார்கள். என்ஜின் 1500 சிசிக்குள் என்றால் கட்டாயமாக ஒரு 1,000 உங்கள் பங்கு.

நாலு வருஷமாகக் கிளெய்ம் இல்லையென்றால் சொந்தக் கார் சேதத்துக்கான பிரீமியத்தில் 45% போனஸ் தள்ளுபடி இருக்கும், அது போய்விடும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பில்லில் பார்ட் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

தேயிலைக்காரி, கோத்தகிரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வண்டியைக் கட்டி இழுத்துக் கோவைக்கே கொண்டுபோனோம். சர்வேயர் முன்னால் கழற்றினார்கள். இடப்பக்கப் பெட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது, சைடு மெம்பர் அளவு சரியாக இருந்தது. பீம், இரண்டு பெட்டி, ரேடியேட்டர், லைட், பானெட் எல்லாம் புதுசு. பில் 1,21,000, என் கையிலிருந்து 43,000. அந்தச் சுருங்கின பெட்டியைப் பார்த்த பிறகு வீட்டுக்காரர் பட்டறைப் பேச்சையே எடுக்கவில்லை.

டிங்கர் தம்பி, ஒரே ஒரு சந்தேகம். புது லைட் இடது ஓரத்தில் கொஞ்சம் தூக்கி அடிக்கிறது. தப்பாக மாட்டிவிட்டார்களா?

குன்னூர் டிங்கர்:

இல்லைக்கா, டிம்மில் இடது ஓரம் லேசாகத் தூக்கித்தான் இருக்கும், ரோட்டோரம் தெரிய வேண்டுமே. சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு லைட்டின் வெளிச்சமும் மேலே கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் வெட்டுகிறதா என்று பாருங்கள். டூப்ளிகேட் லைட்டில் இந்த வெட்டே ஒழுங்காக இருக்காது. வெளிச்சம் மேலே சிதறும், மூட்டத்தில் எதிரே வெள்ளைச் சுவர் கட்டினது மாதிரி ஆகிவிடும்.

சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது! என் பட்டறை வாசலில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.