சீஸ் என்றதும் ஆங்கிலம் என்று நினைத்துவிட்டேன்

வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க்குக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை லேயர் ஊருக்குப் போனேன். கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்று சொல்லப்படும் பகுதி அது. கடைத்தெருவில் வயதானவர்கள் பேசியது ஜெர்மன் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த ஃப்ரீசிய மொழியைக் கேட்டுவிட்டேன் என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் சந்தோஷமாகச் சொன்னேன். ராம்ஸ்லோவில் பிறந்த மூத்த ஊழியர் ஒருவர், "அது பிளாட், கீழ் ஜெர்மன். ஃப்ரீசியம் கேட்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்றார்.

கடற்கரைப் பக்கம் பழைய கிழக்கு ஃப்ரீசியம் இருந்த இடத்தை எப்போதோ பிளாட் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ரீசியத்தின் மூன்று கிளைகளில் அந்தக் கிழக்குக் கிளையில் இன்று உயிரோடு இருப்பது, ராம்ஸ்லோவையும் சேர்த்து ஸாட்டர்லாந்து என்ற பகுதியின் நான்கு ஊர்களில், சுமார் 2000 பேர் பேசும் பேச்சுதான். சுற்றிலும் சதுப்பு, நடுவில் ஒரு மணல்மேடு. அந்தக் காலத்தில் படகில் போகலாம். இல்லையென்றால் குளிரில் சதுப்பு உறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தனிமைதான் மொழியைக் காப்பாற்றியது.

அவர் வீட்டில் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தி, "ஸீஸ்" என்றார். எனக்காக ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். "இல்லை, இது எங்கள் சொல்." ஜெர்மனில் அது கேஸெ, பிளாட்டில் கேஸ். தேவாலயமும் அப்படித்தான்: ஜெர்மனில் கிர்ஹெ, பிளாட்டில் கார்க், இவர்களுக்கு ஸேர்க்கெ. ககரம் இளகிவிட்டது. கன்னடக் கிவி நமக்குச் செவி ஆனது போலத்தான். அன்றிலிருந்து என் காது முதலில் இதைத்தான் தேடுகிறது.

அலமாரியில் மாரன் ஃபோர்ட்டின் 1980ஆம் ஆண்டு அகராதி இருந்தது. பாஸ்டனில் பிறந்த கறுப்பின அமெரிக்கர் அவர். புதிய ஏற்பாட்டையும் இந்த மொழியில் பெயர்த்தவர். எடுத்துக் காட்டும்போது என்னை அழைத்திருந்த அந்த ஊழியர் அம்மாவின் கை அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது.

பதில், நெதர்லாந்தின் லேவார்டனிலிருந்து:

உங்கள் சீஸ் சோதனை பிளாட்டைப் பிரித்துவிடும், சரி. எங்கள் மேற்கு ஃப்ரீசியத்தைப் பிரிக்காது. இங்கேயும் த்ஸீஸ்தான். வெண்ணெய், ரொட்டி, பச்சை சீஸ் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் அசல் ஃப்ரீசியன் இல்லை என்று பழமொழியே உண்டு. நான் கவனிப்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் குட்டிச் சொல்லை. இங்கே டெ, இட் என்று இரண்டுதான். ஸாட்டர்லாந்தில் மூன்று: டி மோன் (ஆண்), யூ வீவ் (பெண்), டெட் ஹூஸ் (வீடு). அந்த 'யூ' எங்களிடம் கிடையாது.

ஜெர்மனியின் வடகோடியில் பேசும் வடக்கு ஃப்ரீசியம் இன்னும் தூரம். ஸில்ட், ஃபோர், ஹெல்கோலாந்து என்று தீவுக்கு ஒரு பேச்சு. இங்குள்ள என் நண்பர் ஃபோர்காரர் ஒருவரிடம் தன் ஃப்ரீசியத்தில் ஆசையாகப் பேச்சைத் தொடங்கினார். ஐந்தே நிமிடம், அப்புறம் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள்.