கச்சான் காத்துல மணல் பறக்குது, கெணத்துத் தண்ணி உப்பேறுது, என்ன பண்ணலாம்?

உச்சிப்புளிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் கடக்கரையில நாலு ஏக்கர் மணல் நெலம், ஓரத்துல கொஞ்சம் தென்னை, மிச்சத்துல கடலை போடுறோம். கடலை புடுங்குனதும் ஒரு உழவு ஓட்டிப் போட்டுருவோம், ஆனி ஆடியில கச்சான் அடிக்கிறப்ப மேல்மண்ணு பூரா பறந்துபோய் கெழக்கு வேலியில குமிஞ்சு கெடக்கு, தென்னங்கன்னு வேர் வெளிய தெரியுது. கெணத்துத் தண்ணியும் சித்திரைக்கு மேல உப்புக் கரிக்குது. ஆழ்துளைக் கெணறு (போர்) போடலாமா, சுத்திக் காம்பவுண்டு எழுப்பலாமான்னு யோசிக்கிறேன்.

பனங்காடு:
தம்பி மொதல்ல அந்தக் கோடை உழவை நிறுத்துங்க. கரிசல்காட்டுக்கு அது சரி, நம்ம மணலுக்கு ஆகாது. கடலை வேரோட வர்ற பயிரு, புடுங்குனாலே மண்ணு பொலபொலன்னு ஆயிரும், அதுக்கு மேல உழுதா காத்துக்கு அள்ளிக் குடுத்த மாதிரிதான். மார்கழி மழை ஈரம் இருக்கும்போதே கடலைக்கு நடுவுல கொழுஞ்சி வெதை (பசுந்தாள் உரச் செடி) தூவி விடுங்க, ஆடு மாடு அவ்வளவா கடிக்காது, வறட்சியும் தாங்கும், ஆடி முழுக்க மண்ணைப் புடிச்சு வச்சிருக்கும், பொரட்டாசியில மடக்கி உழுதா தழைச்சத்தும் ஆச்சு.

மண்டபம் விவசாயி:
காம்பவுண்டு வேணாம்ணே, காசுக்குக் கேடு. காத்து சுவத்துல முட்டி மேல ஏறி அந்தப் பக்கம் சுழட்டி அடிக்கும், இன்னும் மோசமா பறிக்கும். பாதி காத்து உள்ள நொழையணும், பாதி தடுக்கணும். கச்சான் தென்மேக்குல இருந்து வருது, அதுக்குக் குறுக்க ரெண்டு மூணு வரிசை சவுக்கு வைங்க, வெளிப்பக்கம் பனங்கொட்டை ஊனுங்க. 20 அடி ஒசரம் வந்தா 200 அடி தூரத்துக்காவது காத்தோட வேகம் நல்லா கொறையும். அதுவரைக்கும் பனையோலைத் தட்டி கட்டுங்க, இடுப்பு ஒசரம் போதும், பறக்குற மணல்ல பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழதான் துள்ளித் துள்ளிப் போவுது.

பனங்காடு:
போர் மட்டும் போட்டுறாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். நம்ம கடக்கரையில நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மெதக்குது. ஆழத்துல மோட்டார வச்சு வேகமா உறிஞ்சுனா கீழ உள்ள உப்பு மேல ஏறி வந்துரும், அது எறங்க பல மழை ஆவும், பக்கத்துக் காட்டுக்காரன் கெணறும் சேந்து கெடும். ஆழமில்லாத கெணத்துல சின்ன மோட்டார வச்சு காலையில கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் எறச்சு தொட்டியில விட்டு சொட்டுநீர்ல பாய்ச்சுங்க. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் உண்டு. தென்னையைச் சுத்திக் குழி எடுத்து தேங்கா உரிமட்டையைக் குழிவுப் பக்கம் மேல பாக்க அடுக்கி மண்ணைப் போட்டு மூடுங்க, மழையை உறிஞ்சி வச்சுக்கும். கண்மாய் வண்டல் கெடைச்சா விடாதீங்க, மணலுக்கு அதவிட மருந்து இல்ல.

உச்சிப்புளிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, போர் யோசனைய விட்டாச்சு. கொழுஞ்சி ஒருதரம் போட்டோம், சரியா மொளைக்கல, என்ன காரணம்?

பனங்காடு:
வெதைத் தோலு கெட்டி தம்பி, தண்ணி உள்ள எறங்காது. சொரசொர மணலோட சேத்து சாக்குல போட்டு நல்லா தேச்சுட்டு தூவுங்க.