அப்பாவின் பிரஷர் வாட்ச்: நான் தப்பாகக் கொடுத்த கணக்கு

தக்கலை:
அப்பாவுக்கு 66 வயசு. மஸ்கட்டில் இருக்கிற தம்பி பிரஷர் பார்க்கிற வாட்ச் ஒன்று கொடுத்தனுப்பினான். காற்று அடைக்க வேண்டாம், கையில் கிடந்தால் போதும் என்றதும் அப்பாவுக்கு ஏகச் சந்தோஷம். ஆனால் அந்த வாட்ச் நேரடியாகப் பிரஷரை அளக்காது. பின்பக்கத்து விளக்கு தோலுக்குள் அடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஏறி இறங்குகிற அலையைத்தான் பார்க்கும். அந்த அலைக்கு எத்தனை பிரஷர் என்று முதலில் நாம்தான் சொல்லிக் கொடுக்கணும். மேல்கையில் பட்டை கட்டுகிற மெஷினில் மூன்று தடவை பார்த்து, அதைப் போனில் பதியணும். 28 நாளுக்கு ஒரு தடவை திரும்பவும் செய்யணும்.

நான்தான் செய்தேன். மூன்றுமே 150-க்கு மேலே. அதிலிருந்து வாட்சிலும் தினமும் 152, 155, 149. அப்பா கருவாட்டை விட்டார். ராத்திரி எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாட்சையே பார்ப்பார். மூன்று வாரம் இப்படி. மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்கத்தான் டாக்டரிடம் போனோம். அங்கே சிஸ்டர் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல உள்ள பட்டை சின்னதாக்கும். அளந்து பாத்தியளா?" என்று கேட்டார். பட்டையில் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருக்கிறது. டேப் வைத்தால் அப்பாவின் மேல்கை 36. பட்டை சிறிதானால் பிரஷர் கூடத்தான் காட்டும். பெரிய பட்டை கட்டி, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்துப் பார்த்தார்: 134/82.

வாட்சில் பழுதில்லை. நான் சொல்லிக் கொடுத்ததையே அது திருப்பிச் சொல்லியிருக்கிறது. அப்பா தூங்காத ராத்திரிகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

குலசேகரம்:
நான் ரப்பர் பால் வெட்டுகிறவன் அண்ணே. எனக்குச் சிக்கல் மாத்திரை மாற்றியபோது வந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற அக்கா மெஷினில் 128 பார்த்தார். அதே நேரம் வாட்சில் 146. புது மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்தினால் அலையின் வடிவமும் வேகமும் மாறும், பழைய கணக்கு பொருந்தாது என்று பிறகுதான் டாக்டர் விளக்கினார். 28 நாள் ஆகட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே புதிதாகப் பதிந்தேன். வேலை முடிந்து வந்த சூட்டில் பதியாதீர்கள், அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

நாகர்கோவில்:
கல்லூரி லேபில் இதே வகை சென்சாரில் வேலை செய்தேன். ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தையே பார்க்காத ஒரு புரோகிராம் எழுதினோம். பதிந்த எண்ணை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். நண்பர்களைச் சும்மா உட்கார வைத்துச் சோதித்தால் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசம் 5-க்குள் நின்றது! எனக்குப் பயமே வந்துவிட்டது. உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பிரஷர் பெரிதாக மாறாதே, அப்புறம் எந்தப் பொய்யும் தேறிவிடும். பட்டை மெஷினுக்கான சர்வதேசத் தரமே 85 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது. சராசரிப் பிழை 5-க்குள் இருக்கணும். பட்டையில்லாத கருவிக்கு அது மட்டும் போதாது. ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் 2023-இல் கையை ஏற்றி இறக்கி, தூக்கத்தில், உடற்பயிற்சியில், மாத்திரைக்கு முன்னும் பின்னும் என்று தனித்தனிச் சோதனைகள் கேட்டது இதனால்தான். கை 10 செ.மீ. இறங்கினாலே மணிக்கட்டில் 7, 8 புள்ளி ஏறும்.

தக்கலை அண்ணன் ஒன்று பார்த்தீர்களா? பட்டை காற்றேறினால் அந்தக் கையில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதனால் வாட்ச் ஒரு கை, பட்டை மறு கை. அப்பாவுக்கு இரண்டு கைக்கும் நடுவில் வித்தியாசம் இருந்தால் அது அப்படியே கணக்கில் ஏறிவிடும்.

தக்கலை:
இப்பத்தான் புதுப் பட்டையை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். வலது 136, இடது 132. ஞாயிற்றுக்கிழமை காலையில், மாத்திரைக்கு முன்னால், பதியப் போகிறேன்.