நம் வீட்டுப் பெண்கள்

நான்: பாப்பாவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், இந்தக் குழுவில் பெண்கள் மட்டும்தான் என்ற பிறகு சரி என்றாள். வயதுக்கு வந்து 8 மாதம் ஆகிறது. ஒரு தடவை 22 நாளில் வந்தது, அப்புறம் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை, இப்போது வந்து இன்றோடு 10 நாள், இன்னும் நிற்கவில்லை. பள்ளியில் உடை நனைந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள், அதிலிருந்து போகமாட்டேன் என்று அழுகிறாள்.

அக்கா: ஐயோ குழந்தை. போன வாரம் போனில் குரலே எழும்பவில்லை, தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

அத்தை: பயப்படாதேம்மா. புதுசில் முன்னே பின்னே வரும். நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதுமே அதிகம்தான். எனக்கும் 10 நாள் போகும், உன் பாட்டிக்கும் அப்படித்தான்.

அண்ணி: நாள் தள்ளுவது பற்றி அத்தை சொல்வது சரி. முதல் இரண்டு மூன்று வருடம் எல்லா மாதமும் கருமுட்டை வெளியாவதில்லை, அதனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு ஒழுங்கில்லாமல் வளர்ந்து ஒழுங்கில்லாமல் உதிரும். இந்த வயதில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இயல்பு, முதல் வருடத்தில் இன்னும்கூடத் தள்ளலாம், 90 நாள் தாண்டினால்தான் காட்ட வேண்டும். ஆனால் 7 நாளுக்கு மேல் போவது அந்தக் கணக்கில் சேராது. பேட் எவ்வளவு நேரம் தாங்குகிறது?

நான்: இரண்டு மணி நேரம்கூட இல்லை அண்ணி. ராத்திரி இரண்டு தடவை எழுந்து மாற்றுகிறாள். பெரிய நாணயம் அளவுக்குக் கட்டியாகவும் போகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.

அண்ணி: அப்படியென்றால் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே காட்டு. மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ தலைசுற்றி விழுந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கே போய்விடு. வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதே, ரத்தப்போக்கு கூடும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல், இரும்புச் சத்து இருப்பு அதில்தான் தெரியும்.

அண்ணி: இன்னொன்று. என் மகளுக்கு இப்படி ஆனபோது டாக்டர் முதலில் கேட்டது, குடும்பத்தில் யாருக்காவது அதிகமாகப் போகுமா, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகுமா, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா என்றுதான். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தை இன்று எழுதியதைப் படித்ததும் மனது என்னவோ செய்கிறது.

அத்தை: எனக்குப் பல் பிடுங்கியபோது இரண்டு நாள் கசிந்தது. சின்ன வயதில் மூக்கிலும் வரும். அதற்கும் இதற்கும் என்ன?

அண்ணி: வான் வில்லிபிராண்ட் என்று ஒரு குறைபாடு இருக்கிறது அத்தை. ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவாக இருக்கும், பரம்பரையாக வரும், பல பெண்களுக்கு மாதவிடாயில்தான் முதலில் தெரிய வரும். இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அக்கா: சின்னப் பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துவிடுவார்களோ? பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வராதா?

அண்ணி: வராது, அதைக் கேட்டுத்தான் நானும் பயந்து நாளைக் கடத்தினேன். ஹார்மோன் இல்லாமல் ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் உண்டு. எது என்று டாக்டர் சொல்லட்டும். பாப்பாவிடம் சொல், பெரும்பாலும் வயிற்றின் மேல் ஸ்கேன்தான், உள்ளே பரிசோதிக்க மாட்டார்கள். என் மகள் பாதி பயந்தது அதற்குத்தான்.

நான்: அதைச் சொன்னதும் செருப்பு மாட்டிவிட்டாள். கிளம்புகிறோம்.

(மாலை)

நான்: ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதில் 12 இருக்க வேண்டுமாம். ரத்தப்போக்கு குறையவும் இரும்புச் சத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள், இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். உறைதல் பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்தார்கள், முடிவு வர நாளாகும். டாக்டர் என்னிடம் கேட்காமல் அவளிடமே கேட்டார், எல்லாம் அவளே சொன்னாள். வகுப்பில் அனுமதி கேட்காமல் எழுந்து போகலாம் என்று பள்ளிக்கு ஒரு கடிதமும் தந்தார்.

அத்தை: என்னைப் பற்றிச் சொன்னாயா?

நான்: சொன்னேன் அத்தை. உங்களையும் ஒரு தடவை வரச் சொன்னார்.

அத்தை: வருகிறேன். 40 வருடம் துணியை அலசியிருக்கிறேன், ஒருத்தர் கேட்டதில்லை.

அண்ணி: நான் கூட்டிப் போகிறேன் அத்தை. என் மகளையும் அழைத்து வருகிறேன்.