வரைபடத்தில் வெற்று வட்டம் இருந்தால் அந்த எண் மதிப்பகத்தில் வராதா?

மஞ்சக்குப்பம் மாணவி, பதினொன்றாம் வகுப்பு:
வரைபடத்தைப் பார்த்து மதிப்பகம், அதாவது வரைபடம் எந்தெந்த எக்ஸ் மதிப்புகளுக்கு இருக்கிறதோ அவற்றின் தொகுப்பு, எழுதும் கணக்கு. (வகுப்பில் சார்பகம் என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானே?) படத்தில் இரண்டு நேர்கோட்டுத் துண்டுகள். முதல் துண்டு (−4, 2)-இல் நிரப்பிய புள்ளியில் தொடங்கி மேலேறி, (−1, 3)-இல் வெற்று வட்டத்தோடு நிற்கிறது. அடுத்தது (−1, 1)-இல் நிரப்பிய புள்ளி. அங்கிருந்து இறங்கி (3, −2)-இல் வெற்று வட்டம். நான் [−4, −1) ∪ (−1, 3) என்று எழுதினேன் (சதுர அடைப்பு என்றால் அந்த எண் உண்டு, வளைந்த அடைப்பு என்றால் இல்லை; ∪ என்றால் இரண்டையும் சேர்த்து). புத்தகத்தின் விடை [−4, 3). அச்சுப் பிழையா? வெள்ளிக்கிழமை டெஸ்ட்.

பதில் 1:
வெற்று வட்டம் என்றாலே அந்த எண்ணைத் தள்ளிவிட வேண்டும். உன் விடைதான் சரி.

பதில் 2 (அரியாங்குப்பம், டியூஷன் எடுப்பவர்):
இல்லைம்மா, புத்தகம்தான் சரி. (மதிப்பகம், சார்பகம் இரண்டும் ஒன்றுதான்.) வெற்று வட்டம் தள்ளுவது அந்த ஒரு புள்ளியை மட்டும்தான், எக்ஸ் மதிப்பை அல்ல. (−1, 3) படத்தில் கிடையாது, சரி. ஆனால் அதற்கு நேர் கீழே (−1, 1) இருக்கிறதே!

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸை எடுத்துக்கொள். கிலோமீட்டர் எக்ஸ் அச்சில், கட்டணம் ஒய் அச்சில். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கட்டணம் படி ஏறும். தவளக்குப்பத்தில் ஏறுகிறது என்று வை. அங்கே ஒரு வெற்று வட்டம், ஒரு நிரப்பிய புள்ளி. அதற்காக, தவளக்குப்பத்தில் இறங்குகிறவருக்கு டிக்கெட்டே இல்லை என்று கண்டக்டர் சொல்வாரா? பழைய கட்டணமோ புதுக் கட்டணமோ, ஏதோ ஒன்று உண்டு.

ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்து. கோட்டையோ நிரப்பிய புள்ளியையோ தொட்டால் அந்த எக்ஸ் உள்ளே. 3-இல் வைத்துப் பார்: வெற்று வட்டம் மட்டும்தான், மேலும் கீழும் ஒன்றுமில்லை. அதனால் 3 வெளியே.

மாணவி:
புரிந்தது சார்! அப்போது வீச்சகம், அதாவது ஒய் மதிப்புகளின் தொகுப்பு, (−2, 3) தானே?

பதில் 2:
அவசரப்படாதே. அதே ஸ்கேலைப் படுக்க வைத்து, கீழிருந்து மேலே நகர்த்து. ஒய் 1.5-இல் எதையாவது தொடுகிறதா?

மாணவி:
அய்யோ, இல்லை சார். 1-க்கும் 2-க்கும் நடுவே காலி. (−2, 1] ∪ [2, 3).

பதில் 2:
அதேதான். 2-ஐச் சேர்த்தாய் பார், அதில்தான் பல பேர் மார்க்கை விடுவார்கள்.

பதில் 1:
நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். கீழே இருந்த புள்ளியைக் கவனிக்கவே இல்லை.