அம்மாக்கள் சொல்லும் கதைகள்: 90 நிமிஷ மேடைக்கு எப்படித் தயாராவது?

அடையாறு_திண்ணை கேட்டது:
மே இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம். மயிலாப்பூர் பக்கம் 120 சீட் ஹால். பிள்ளை வளர்ப்பு பத்தி 12 பேர் அவங்கவங்க எழுதின கதையைச் சொல்லப் போறாங்க, அதுல ரெண்டு பேர் அப்பாக்கள். யாருக்கும் மேடைப் பழக்கம் இல்லை. 90 நிமிஷம், இடைவேளை கிடையாது. மனப்பாடமா, பார்த்துப் படிக்கிறதா? எந்த மைக்? ஒரு கதை கருச்சிதைவு பத்தினது, அதை வரிசையில எங்க வைக்கிறது?

கதைப்பட்டறை:
முதல்ல 12-ஐ 10 ஆக்குங்க. ஆளுக்கு 6 நிமிஷம்னா 60. தொகுப்பாளர் பேச்சு, கைதட்டல், ஏறி இறங்குறது, மைக் உயரம் மாத்துறது எல்லாம் சேர்த்து ஆளுக்கு இன்னும் 2 நிமிஷம் போயிடும். 80 ஆச்சா? நம்ம ஊர்ல 10 நிமிஷம் லேட்டாத்தான் ஆரம்பிக்கும், சரியா 90.

6 நிமிஷத்துக்கு 500 வார்த்தைக்கு மேல வேண்டாம். ஒத்திகையில சரியா 6 நிமிஷம் வர்ற கதை, ஜனங்க சிரிச்சா 7-ல போய் நிக்கும்.

மனப்பாடம் வேண்டாம். ஒரு வரி மறந்தா மொத்தமும் போச்சு. பார்த்தே சொல்லலாம், ஆனா போன்ல பார்த்து இல்லை: திரை அணையும், வாட்ஸப் வந்து விழும். 16 பாயின்ட் எழுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சு, ஸ்டேப்ளர் போடாத தாள். பக்கக் கடைசியில வாக்கியம் முடிஞ்சிருக்கணும், இல்லைன்னா தாளைத் திருப்புற இடத்துல கதை விக்கும்.

பெரிய சிக்கல் எழுத்துலதான் வரும். "தாய்மை என்பது ஒரு தவம்"னு ஆரம்பிச்சா அடுத்த வரியிலேயே பட்டிமன்றக் குரல் வந்துடும். செந்தமிழ்ல எழுதினது வாசிக்கும்போது செய்தி அறிக்கை மாதிரி ஒலிக்கும். அதனால கதையை முதல்ல போன்ல பேசிப் பதிவு பண்ணச் சொல்லுங்க, அதைக் கேட்டு எழுதட்டும். "காலை நேரம் பரபரப்பாக இருக்கும்"னு எழுதினதை இப்படி மாத்திப் பாருங்க: "மணி 7.40. வேன்காரர் ரெண்டாவது ஹாரன் அடிச்சாச்சு. ஒரு கால்ல ஷூ. இன்னொரு ஷூவுக்குள்ள நேத்து மதியம் சாப்பிடாத இட்லி." இதுக்கு விளக்கவுரை தேவையே இல்லை. "அனைவருக்கும் வணக்கம்" தொகுப்பாளர் ஒருத்தர் சொன்னா போதும், பத்து தடவை வேண்டாம். கடைசி வரி அறிவுரையா இருந்தா வெட்டிடுங்க, பெரும்பாலும் அதுக்கு முந்தின வரியிலயே கதை முடிஞ்சிருக்கும்.

வரிசை: சிரிக்க வைக்கிற கதை முதல்ல, கனமானது நடுவுல. கருச்சிதைவுக் கதையை ஆறாவதா வைங்க. அது முடிஞ்சதும் தொகுப்பாளர் உடனே ஜோக் அடிக்கக் கூடாது. 20 வினாடி சும்மா விட்டுட்டு அடுத்தவர் பேரை மட்டும் சொன்னா போதும். ஏழாவது நகைச்சுவையா இருக்க வேண்டாம், மெதுவான கதையா இருக்கட்டும். இப்படி ஒரு கதை வருதுன்னு நுழைவாயில்லயே எழுதி ஒட்டுங்க. கீழேயே அரசு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416-ஐயும் போடுங்க, இலவசம், தமிழ்ல பேசலாம்.

சவுண்ட்_பெட்டி:
காலர் மைக் பக்கமே போகாதீங்க. தாலிச் சங்கிலி ஒரு தடவை உரசினா ஹால் முழுக்க கரகரன்னு கேக்கும், பட்டுப் புடவை முந்தானை இன்னும் மோசம். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி சாதாரண கம்பி மைக், ஸ்டாண்டோட, ரெண்டு வாடகைக்கு எடுங்க (ஒண்ணு மாத்துக்கு). வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல இருந்தா "ப" சொல்லும்போது புஸ்ஸுனு வராது. தலைப்பகுதியைப் பொத்திப் பிடிச்சா கீச்சும், கையை எடுத்தா நிக்கும். கைநிறைய வளையல் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

காலி ஹால்ல செட் பண்ணின சத்தம், ஆள் நிறைஞ்சதும் மங்கித் தெரியும். ஆடையும் உடம்பும் ஒலியை உறிஞ்சிடும். அதனால முதல் கதை ஓடும்போது சவுண்ட் மிக்ஸர்ல ஆள் கை வச்சு நிக்கணும். மேடைக்கு மேல இருக்கிற ஃபேனை அணைச்சுடுங்க. ஆனா மே மாசம் கத்திரி வெயில், கரண்ட் போனா ஏசி ஜெனரேட்டர்ல ஓடுமான்னு கேட்டுக்கங்க. பல ஹால்ல லைட்டும் மைக்கும்தான் ஓடும்.

இன்னொண்ணு, அந்த ஞாயிறு முகூர்த்த நாளா இருந்தா சவுண்ட் ஆளுங்க கல்யாணத்துக்குப் போயிடுவாங்க. இப்பவே அட்வான்ஸ் கொடுத்துடுங்க.

அடையாறு_திண்ணை:
ரொம்ப நன்றி. கைக்குழந்தையோட வர்றவங்களை உள்ள விடலாமா? யூடியூப் லைவ் போடலாமா?

கதைப்பட்டறை:
கைக்குழந்தை வரட்டும். கதவுக்குப் பக்கத்துல கடைசி வரிசை 10 சீட்டை அவங்களுக்கு ஒதுக்கிடுங்க, பால் கொடுக்க திரைபோட்ட ஒரு அறையும் வேணும். 2015-லயே பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறை வந்தாச்சு, நம்ம ஹால்கள்தான் பாக்கி.

லைவ் வேண்டாம். கதை சொல்றது அம்மா, ஆனா உள்ள இருக்கிறது பிள்ளையோட வாழ்க்கை. பேரு, ஸ்கூல், தெரு, உடம்பு சம்பந்தப்பட்டது எதுவும் அடையாளம் தெரியற மாதிரி வரக் கூடாது. ஏழெட்டு வயசுக்கு மேல இருந்தா அந்தப் பிள்ளைக்கே கதையை முன்னாடி வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, அது வேண்டாம்னா வேற கதை. நிகழ்ச்சியைப் பதிவு மட்டும் பண்ணுங்க. ஒரு வாரம் கழிச்சு ஒவ்வொருத்தரும் தன் பகுதியைப் பார்த்து சரின்னு எழுதிக் கொடுத்த பிறகு தனித்தனி வீடியோவா ஏத்துங்க. பின்னணியில சினிமாத் தாலாட்டு ஓட விட்டீங்கன்னா காப்பிரைட் புகார் வரும். பாட்டி காலத்து "ஆராரோ ஆரிரரோ"வை யாராவது வாயால பாடிட்டா அந்தத் தொல்லை இல்லை.